காப்பர்-டி: கேட்டவுடன் எடுக்க வேண்டுமா, பொறுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டுமா?

கயல்:
அரசு மருத்துவமனையில் சிசேரியன் நடந்தபோதே என் தங்கைக்குக் காப்பர்-டி என்னும் செம்புக் கருத்தடைச் சாதனத்தைக் கருப்பைக்குள் வைத்துவிட்டார்கள். வலியில் துடித்த நேரத்தில் நீட்டிய தாளில் கையெழுத்திட்டது மட்டுமே அவளுக்கு நினைவிருக்கிறது. இப்போது மாதவிலக்கு எட்டு நாள் நீள்கிறது; அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது. எடுத்துவிடும்படி கேட்டதற்கு, “வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வா, அல்லது குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள், அப்போது சேர்த்தே எடுத்துவிடலாம்” என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இது எந்த ஊர் நியாயம்?

ஓய்வுபெற்ற செவிலியர்:
உங்கள் கோபம் புரிகிறது, அம்மா. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். செம்புச் சாதனம் வைத்த முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் உதிரப்போக்கும் வலியும் கூடுவது வழக்கம். பெரும்பாலானோருக்குப் பிறகு குறைந்துவிடும். எடுத்துவிட்டால் கருத்தரிக்கும் திறன் உடனே திரும்பிவிடும். சிசேரியன் தழும்பு ஆறாத நிலையில் அடுத்த கரு தங்கினால் ஆபத்து தாய்க்குத்தான். ஒரு குழந்தை பிறந்தபின் அடுத்த கருவுக்கு 24 மாத இடைவெளியாவது வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பே பரிந்துரைக்கிறது. பொறுத்துப் பார் என்று நாங்கள் சொல்வது அக்கறையினால்தான்.

முல்லை:
அக்கறை என்றால் விளக்கிச் சொல்லலாமே, ஏன் நிபந்தனை போட வேண்டும்? குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கே கணவரின் சம்மதம் தேவையில்லை என்பது இந்திய அரசின் வழிகாட்டுதல். அப்படியிருக்க, அதன் முனையில் தொங்கும் நூலைப் பிடித்து மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் வெளியே வந்துவிடும் ஒரு சாதனத்தை எடுப்பதற்கு அவர் கையெழுத்து எதற்கு? இடைவெளி வேண்டுமென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசியும் சாயா கருத்தடை மாத்திரையும் அரசு மருத்துவமனையிலேயே இலவசமாகக் கிடைக்கின்றனவே. அவற்றைப் பற்றி அந்தப் பெண்ணிடம் யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா?

மீனா:
எனக்கு 380ஏ என்ற வகைக் காப்பர்-டி வைத்தார்கள். அதன் பத்தாண்டுக் காலமும் முடிந்த பிறகே எடுத்தேன். தொடக்கத்தில் உதிரப்போக்கு அதிகம்தான். இரும்புச்சத்து மாத்திரையோடு சமாளித்தேன். பக்கத்து வீட்டுப் பெண்களோ அது நெஞ்சு வரை ஏறிவிடும் என்று பயமுறுத்தினார்கள். கருப்பையில் துளை விழுவது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு நேரலாம். அப்போதும் அது நெஞ்சுக்குப் போவதில்லை. எனவே செவிலியர் அம்மா சொல்வது போல, அவசரப்பட்டு எடுத்துவிட வேண்டாம் என்பதே என் கருத்து.

முல்லை:
உங்கள் உடம்பு ஏற்றுக்கொண்டதில் மகிழ்ச்சி, மீனா. ஆனால் பிரசவத்தோடு உதிரம் இழந்து, இரத்தசோகையோடு வீடு திரும்பும் பெண்ணுக்கு மாதாமாதம் எட்டு நாள் உதிரப்போக்கு என்பது வேறு கணக்கு. உங்கள் அனுபவம் அவள் மீது விதியாகக் கூடாது.

ஓய்வுபெற்ற செவிலியர்:
இரத்தசோகை இருந்தால் நானே எடுத்துவிடச் சொல்வேன். கயல், தங்கையை முதலில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். சிசேரியனின்போது வைத்தால் நூல் சில வேளை கீழே இறங்காமல் உள்ளேயே சுருண்டிருக்கும். நூல் தெரியாவிட்டால் ஸ்கேன் எடுத்து இடத்தை உறுதி செய்த பின்னரே எடுப்பார்கள். வீட்டில் யாரும் இழுத்துப் பார்க்கவே கூடாது. காய்ச்சலோ, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதலோ, மாதவிலக்குத் தள்ளிப்போவதோ இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். கணவரின் கையெழுத்து தேவையில்லை என்பதையும் ஏற்கிறேன். ஆனால் மாற்று ஏற்பாடு எதுவும் இல்லாமல் எடுத்து அனுப்புவதை என்னால் ஏற்க முடியாது.

முல்லை:
மாற்று ஏற்பாடு வேண்டாம் என்று அவள் சொன்னாலும் எடுத்துத்தான் ஆக வேண்டும், அம்மா. எடுப்பதற்கு முந்தைய வாரத்தில் உறவு கொண்டிருந்தால் கரு தங்க வாய்ப்புண்டு என்பது உட்பட எல்லாவற்றையும் சொல்லுங்கள். அதன் பிறகு முடிவு அவளுடையது.

கயல்:
நாளை மறுநாள் தங்கையோடு நானும் போகிறேன். கணவரை அழைத்து வரச் சொன்னால், மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்கப்போகிறேன்.