மேவன் பழைய பதிப்பைத் தேர்ந்தெடுப்பது ஏன்? கம்பைல் ஆகிறது, இயங்கும்போது கிளாஸ் காணவில்லை

கேள்வி:
வணக்கம். பல மாட்யூல்கள் கொண்ட ஜாவா திட்டம் ஒன்றை மேவன் என்ற பில்ட் கருவி வழியாகப் பராமரிக்கிறேன். பொது மாட்யூலில் இருக்கும், ஜேசானைக் கையாளும் ஜாக்சன் நூலகத்தின் டேட்டாபைண்டை 2.13-இலிருந்து 2.15.2-க்கு உயர்த்தினேன். கம்பைல் குறையின்றி முடிகிறது. பொது மாட்யூலின் டெஸ்ட்களும் தேறுகின்றன. ஆனால் சர்வர் மாட்யூல் முதல் ஜேசானைப் படிக்கும்போதே, ‘ஸ்ட்ரீம்ரீட்கன்ஸ்ட்ரெயின்ட்ஸ்’ கிளாஸைக் காணவில்லை என்ற பிழையுடன் நின்றுவிடுகிறது. டேட்டாபைண்ட் சார்ந்திருக்கும் ஜாக்சன் கோரை நான் எங்கும் நேரடியாகச் சேர்க்கவில்லை. இரண்டு பதிப்புகள் மோதினால் புதியதே நிற்கும் என்றல்லவா நினைத்திருந்தேன்?

மறுமொழி 1:
நீங்கள் சொல்வது கிரேடில் என்ற இன்னொரு பில்ட் கருவியின் வழக்கம். மேவன் எண்ணைப் பார்ப்பதில்லை, தூரத்தைப் பார்க்கிறது: எந்த நூலகம் எதை இழுத்து வருகிறது என்று காட்டும் சார்பு மரத்தில் உங்கள் மாட்யூலுக்கு மிக அருகில் இருக்கும் பதிப்பே எடுத்துக்கொள்ளப்படும், தூரம் சமமானால் பாம் (pom.xml) கோப்பில் முதலில் எழுதியது வெல்லும். அந்த கிளாஸ் ஜாக்சன் கோரில் 2.15-இல்தான் வந்தது, எனவே டேட்டாபைண்ட் புதியதாகவும் கோர் பழையதாகவும் இருக்கின்றன என்பது உறுதி. சர்வர் மாட்யூலில் நின்றுகொண்டு டிபெண்டென்சி ட்ரீ கட்டளையை வெர்போஸ் தெரிவுடன் ஓட்டினால், மோதலால் விடப்பட்ட பதிப்புகளும் தெரியும்.

கேள்வி கேட்டவர்:
ஓட்டிப் பார்த்தேன். சர்வர் மாட்யூல் நேரடியாகச் சேர்த்திருக்கும் ஒரு பழைய நூலகம் கோர் 2.13.4-ஐ இரண்டாம் அடுக்கில் கொண்டுவருகிறது. டேட்டாபைண்ட் பொது மாட்யூல் வழியாக வருவதால் அதன் கோர் மூன்றாம் அடுக்கில் இருக்கிறது. அந்த நூலகத்திலிருந்து கோரை எக்ஸ்க்ளூட் செய்தால் (விலக்கினால்) போதுமா?

மறுமொழி 2:
இன்றைக்குப் போதும், நாளை வேறொரு நூலகம் அதையே இழுத்து வரும்போது மறுபடியும் தேட வேண்டியிருக்கும். பேரன்ட் பாமின் டிபெண்டென்சி மேனேஜ்மென்ட் பகுதியில் ஜாக்சன் பிஓஎம்-ஐ (BOM, பொருந்தும் பதிப்புகளின் பட்டியல்) இம்போர்ட் செய்துவிடுங்கள். கோர், டேட்டாபைண்ட், அனொட்டேஷன்ஸ் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தும் பதிப்புகளில் நிற்கும், மறைமுகச் சார்புகளுக்கும் அது செல்லும். ஸ்பிரிங் பூட் பிஓஎம்-ஐயும் இம்போர்ட் செய்திருந்தால் ஜாக்சனுடையதை அதற்கு மேலே எழுதுங்கள், ஏனெனில் முதலில் வருவதே செல்லுபடியாகும். அதன் பிறகு பழைய நூலகத்தின் டெஸ்ட்களை ஒரு முறை ஓட்டிவிடுவது நல்லது.

மறுமொழி 3:
ஒரு நூலகம் கேட்பதைவிடப் பழைய பதிப்பு இப்படித் தேர்வாவது பில்டிலேயே பிடிபட வேண்டுமானால், என்ஃபோர்சர் பிளகினின் ‘ரிக்வயர் அப்பர் பவுண்ட் டெப்ஸ்’ விதியைச் சேருங்கள். ‘டிபெண்டென்சி கன்வர்ஜென்ஸ்’ அதைவிடக் கடுமையானது. தீங்கற்ற வேறுபாட்டுக்கும் பில்டை நிறுத்துவதால், என் அனுபவத்தில் ஒரு மாதத்துக்குள் யாராவது அதை அணைத்துவிடுவார்கள்.

கேள்வி கேட்டவர்:
பிஓஎம் சேர்த்ததும் சரியாகிவிட்டது, நன்றி. விதியைச் சேர்த்தவுடன் பில்ட் மறுபடியும் நின்றது: எஸ்எல்எஃப்4ஜே (லாகிங் நூலகம்) 2.0 கேட்கும் நூலகம் ஒன்றுக்கு இதுவரை 1.7 போய்க்கொண்டிருந்திருக்கிறது. அதனுடன் இயங்கும் லாக்பேக் 1.2-இல் இருப்பதால் அதையும் சேர்த்தே உயர்த்த வேண்டும். அதைத் தனிக் கேள்வியாக எழுதுகிறேன்.