கருப்பு காரில் சுழல் கோடுகள்: டிஏ பாலிஷர் வைத்து நானே எடுக்கலாமா?

கருப்பு ஸ்விஃப்ட், காவேரிப்பட்டணம்

வணக்கம் நண்பர்களே. என்னுடையது கருப்பு ஸ்விஃப்ட் கார். பகலில் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது, ராத்திரி பெட்ரோல் பங்க் லைட்டுக்குக் கீழே நிறுத்தினால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை பின்னிய மாதிரி வட்ட வட்டமாகக் கோடு தெரிகிறது, பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. போன வருஷம் ஒரு வாட்டர் வாஷ் கடையில் ரப்பிங் பாலிஷ் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு மாதம் பளபளவென்று இருந்தது, நாலு வாஷ் முடிந்ததும் கோடெல்லாம் திரும்ப வந்துவிட்டது, போதாததற்கு வெயிலில் நிறுத்தினால் நிழல் அசைகிற மாதிரி பட்டை பட்டையாக வேறு தெரிகிறது. ஓசூரில் இருக்கும் மச்சானிடம் 5 அங்குல பேட் (தேய்க்கிற ஃபோம் வட்டு) போடுகிற டிஏ பாலிஷர், அதாவது டூயல் ஆக்‌ஷன் பாலிஷ் மெஷின், இருக்கிறது, எடுத்துக்கோ என்கிறார். நான் இதுவரை அந்த மெஷினைத் தொட்டதே இல்லை. பெயிண்ட் சுட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எந்த ஸ்பீடு, எவ்வளவு அழுத்தம், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கல்பட்டறை, பர்கூர்

தம்பி, நான் கிரானைட் பாலிஷ் வேலையில் இருக்கிறவன், கார் பாலிஷ் பிறகு ஆசையாகக் கற்றுக்கொண்டது. இரண்டுக்கும் விதி ஒன்றுதான். கோட்டை யாரும் அழிப்பதில்லை, கோட்டைச் சுற்றியிருக்கிற மேல்மட்டத்தைக் கோட்டின் ஆழம் வரைக்கும் தேய்த்து இறக்குகிறோம், அவ்வளவுதான். கல்லில் முரட்டு நம்பரில் ஆரம்பித்து நைஸ் நம்பருக்குப் போவோம், முந்தைய நம்பர் போட்ட கோட்டை அடுத்தது எடுக்கும். ஆனால் என் கல் பலகை 20 மில்லிமீட்டர், உன் காரின் கிளியர் கோட், அதாவது நிறத்துக்கு மேலே இருக்கிற கண்ணாடி மாதிரியான படலம், பெரும்பாலும் 35-லிருந்து 50 மைக்ரானுக்குள்தான், தலைமுடியைவிட மெல்லிசு. அதனால் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும், எடுத்தது திரும்பி வராது.

உனக்குக் கடையில் போட்டது அநேகமாகக் கோட்டுக்குள் எண்ணெயும் மெழுகும் நிரப்பியதாக இருக்கும், ஷாம்பு பட்டுக் கரைந்ததும் கோடு வெளியே வந்துவிட்டது. அந்த நிழல் பட்டை ரோட்டரி மெஷினின் வேலை. அது ஒரே அச்சில் சுற்றும், ஒரே இடத்தில் நின்றால் சூடு ஏறும். டிஏ அப்படி இல்லை, பேட் சுற்றிக்கொண்டே ஊசலாடவும் செய்யும், ரொம்ப அழுத்தினால் சுற்றுவதையே நிறுத்திவிடும். புதிதாகப் பழகுகிறவனுக்கு இதைவிடப் பாதுகாப்பான மெஷின் இல்லை. ஆனாலும் பானெட் ஓரம், கதவின் மடிப்பு வரிகள் மேல் பெயிண்ட் இன்னும் மெல்லிசாக இருக்கும், அங்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடு.

இன்னொன்று கேட்கிறேன். தினமும் காலையில் காய்ந்த துணியால் தூசி துடைக்கிறாயா? நம்ம மாவட்டத்துத் தூசியில் கிரானைட் தூளும் கலந்திருக்கும். அதில் இருக்கிற குவார்ட்ஸ் ஜன்னல் கண்ணாடியையே கீறும்.

கருப்பு ஸ்விஃப்ட், காவேரிப்பட்டணம்

ஆமாம் அண்ணா, தினமும் துடைக்கிறேன். பழைய பனியன் துணி. அதுதான் காரணமா!

தர்மபுரி வண்டிக்காரன்

அதுதாங்க காரணம். இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். நானும் இப்படித்தான் ஒரு கருப்பு வண்டியைக் கெடுத்து, பிறகு டிஏ வைத்து மீட்டேன்.

மெஷினை எடுக்கும் முன்னால் கழுவுகிற வேலை முக்கியம். முதலில் வெறும் தண்ணீர் பீய்ச்சி மண்ணை இறக்குங்கள், அப்புறம் ஷாம்புக்கு ஒரு வாளி, துணியை அலசத் தனியாக ஒரு வாளி. நம்ம பக்கம் போர்த் தண்ணீர் உப்பாக இருப்பதால் வெயிலில் காய விட்டால் வெள்ளைத் திட்டு விழும், உடனே மைக்ரோஃபைபர் துண்டால் ஒற்றி எடுங்கள். பிறகு கிளே பார் தேய்க்கணும், பெயிண்டில் ஒட்டிய துகளை இழுத்து எடுக்கிற களிமண் மாதிரிக் கட்டி அது. விரலைப் பிளாஸ்டிக் கவரில் விட்டுப் பெயிண்டைத் தடவிப் பாருங்கள், மணல் மாதிரி சொரசொரப்புத் தெரியும், அது போகாமல் பாலிஷ் போட்டால் அந்த மணலையே பேட் இழுத்துக்கொண்டு ஓடும்.

பானெட்டில் இரண்டடிக்கு இரண்டடி டேப் ஒட்டி அங்கே மட்டும் சோதித்துப் பாருங்கள். முதலிலேயே காம்பவுண்டுக்கு, அதாவது முரட்டுப் பாலிஷுக்கு, போகாதீர்கள். மென்மையான ஃபோம் பேடும் நைஸ் பாலிஷும் போதுமா என்று பாருங்கள், நான் மெகுயர்ஸ் எம்205 வைத்தேன், கோடு குறையவில்லை என்றால் மட்டும் ஒரு படி மேலே போங்கள். பட்டாணி அளவில் நாலு சொட்டு போதும். மெஷினை ஆன் செய்யும் முன்பே பேடைப் பெயிண்டில் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் சுவர் முழுக்கத் தெறிக்கும். ஸ்பீடு 1-ல் பரப்பி, 5-க்கு ஏற்றி, நொடிக்கு ஓர் அங்குலம் நகர்கிற வேகத்தில் குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து தடவை. வெயிலில் செய்யவே கூடாது. காலை ஆறு மணிக்கு நிழலில் ஆரம்பித்தால் பானெட் சூடாவதற்குள் ஒரு பகுதி முடிந்துவிடும்.

கருப்பு ஸ்விஃப்ட், காவேரிப்பட்டணம்

அழுத்தவே கூடாதா? மெஷினோட எடை மட்டும் போதும் என்று மச்சான் சொல்கிறார்.

கல்பட்டறை, பர்கூர்

எடை மட்டும் போதாது தம்பி, கோடு போகாது, வெறுமனே கை வலிக்கும். பேடுக்குப் பின்னால் இருக்கிற தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள். மெஷின் ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது தெரிகிற வரை அழுத்தலாம், கோடு நின்று வெறும் அதிர்வு மட்டும் வந்தால் கையைத் தளர்த்து, அல்லது பேடைச் சரிச்சுப் பிடித்திருக்கிறாயா என்று பார். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பேடைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்யணும், எடுத்த பெயிண்ட் தூள் அதிலேயே அடைந்திருக்கும். முடிவில் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து தெளித்துத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார். பாலிஷில் இருக்கிற எண்ணெய் போன பிறகும் கோடு தெரியவில்லை என்றால்தான் நிஜமாகவே போயிருக்கிறது. விரல் நகம் மாட்டுகிற ஆழக் கீறலை மட்டும் விட்டுவிடு, அதைத் துரத்தினால் கிளியர் கோட் போய்விடும்.

கருப்பு ஸ்விஃப்ட், காவேரிப்பட்டணம்

ஞாயிற்றுக்கிழமை பானெட்டில் பாதி முடித்துவிட்டேன் அண்ணா. முதல் தடவை ஓரத்தில் மெஷின் துள்ளியது, 3-க்கு இறக்கிப் பழகிவிட்டு மறுபடி 5-க்குப் போனேன். நைஸ் பாலிஷே போதுமாக இருந்தது. டேப்பை உரித்து டார்ச் அடித்தால் ஒரு பக்கம் சிலந்தி வலை, மறு பக்கம் வேப்பமரக் கிளை இலை இலையாகத் தெரிகிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மீதிப் பாதியை அடுத்த ஞாயிறு முடிக்கிறேன், முடித்ததும் மேலே பாதுகாப்புக்கு என்ன சீலன்ட் பூசலாம், சொல்லுங்கள். பனியன் துணியை எல்லாம் சைக்கிள் செயின் துடைக்க எடுத்து வைத்துவிட்டேன்.