புதுப்பிப்பு: போட் இன்ஜின் ஆயில் எங்க போகுதுன்னு தெரிஞ்சிருச்சு

போன மாசம் கேட்டிருந்தேன்ல, பாய்மர போட்டோட மூணு சிலிண்டர் டீசல் இன்ஜின் 10 மணி நேரத்துக்கு கால் லிட்டர் ஆயில் குடிக்குது, பிஸ்டன் ரிங் தேஞ்சு ஆயில் எரியுதான்னு. முதல்ல ஒழுங்கா அளந்து பாருன்னு சொன்னீங்க, அதத்தான் செஞ்சேன். தினமும் காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, போட் சாயாம கட்டிக்கிடக்கும்போது மட்டும் டிப்ஸ்டிக்ல (ஆயில் அளவு பாக்குற குச்சி) பாத்து, இன்ஜின் ஓடின நேரத்தைக் காட்டுற ஹவர் மீட்டரோட சேத்து எழுதி வெச்சேன், ஏன்னா பாய் விரிச்சு சாஞ்சு போகும்போது பாத்தா அளவு தாறுமாறா காட்டும்.

மலேசியாவுல லங்காவி தீவுல இருந்து பினாங்கு வரைக்கும் காத்தே இல்ல, 12 மணி நேரம் முழுக்க இன்ஜின்தான். ஆயில் எரிஞ்சா வர்ற நீலப் புகை துளிகூட வரல, ஆனா ஆயில் குறைஞ்சுது. அப்ப எரியல, ஒழுகுது! அடியில ஆயில் உறிஞ்சுற வெள்ளை பேட் விரிச்சு ஓட விட்டா, ஆயில் பிரஷர் சுவிட்ச்ல இருந்து சொட்டுது. இன்ஜின் நின்னா பிரஷர் இருக்காது, சொட்டும் நின்னுரும், அதனாலதான் இத்தனை நாள் கண்ல படவே இல்ல.

சுவிட்ச் மாத்தி 20 மணி நேரம் ஓட்டியாச்சு, அளவு அப்படியே நிக்குது. ரொம்ப நிம்மதியா இருக்கு. (அளவு குறையாம ஏறுச்சுன்னா டீசலோ தண்ணியோ கலக்குது, உடனே நிறுத்திடுங்க.) பேட் இன்னும் அங்கயேதான் கிடக்கு, எடுக்கப் போறதில்ல.