எருசலேம்ல ஒரு நாள் ஜெபத்துக்கு: கல்லறை ஆலயமா, தோட்டக் கல்லறையா?

படிக்கவந்தவன்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இங்க எருசலேம்ல மாஸ்டர்ஸ் படிக்கிறேன், சிஎஸ்ஐ குடும்பம். கிளாஸோட, இயேசுவ சிலுவைல அறைஞ்சு அடக்கம் பண்ண இடம்னு பாரம்பரியமா சொல்ற கல்லறை ஆலயத்துக்குப் போனப்ப கான்ஸ்டன்டைன் கட்டினது, 1009ல இடிச்சது, அப்புறம் சிலுவைப்போர்க்காரங்க விரிவாக்கிக் கட்டினதுன்னு நோட்ஸ் எடுத்ததோட சரி, ஒரு வார்த்தை ஜெபம் பண்ண நேரமில்ல. அடுத்த வாரம் ஒரு நாள் லீவு வருது, அன்னைக்கு சுத்திப் பாக்காம வேதாகமத்த வச்சுகிட்டு அமைதியா உக்காரணும். ஆனா அங்க கூட்டம், தூபம், ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு பாஷைல பாட்டு, எனக்கு அதெல்லாம் பழக்கமில்ல. பேசாம, இயேசுவோட கல்லறை இதுதான்னு வேற சிலர் சொல்ற தோட்டக் கல்லறைக்கே போயிடலாமா?

மெழுகுவர்த்தி:
தம்பி, கூட்டம்தான் பிரச்சனைன்னா நேரத்த மாத்துங்க, இடத்த மாத்தாதீங்க. விடியறதுக்கு முன்னாடியே கதவு தொறந்துடும். சாவிய வச்சிருக்கறது ஒரு முஸ்லிம் குடும்பம், தொறக்கறது இன்னொரு முஸ்லிம் குடும்பம், பல நூறு வருஷமா இப்படித்தான் நடக்குது. உள்ள போனதும் எல்லாரும் கல்லறைப் பக்கம் ஓடுவாங்க, நீங்க வலது கைப்பக்கம் இருக்கற செங்குத்துப் படில ஏறி, சிலுவை நின்ன பாறைன்னு சொல்ற கல்வாரிக்குப் போயிடுங்க. கிரேக்கர்களோட பீடத்துக்கு அடியில ஒரு துவாரம் இருக்கும், முட்டி போட்டு கைய விட்டா பாறை தட்டுப்படும். அப்புறம் ஓரமா உக்காந்து யோவான் 19 நிதானமா வாசிங்க. கல்லறைக்குள்ள நாலு பேர் நின்னாலே நெருக்கடி, வரிசை நகந்துகிட்டே இருக்கும், நிம்மதியா ஜெபிக்கிறதுக்கு அந்த இடத்த நம்பாதீங்க.

பாமாலைப்பிரியன்:
நான் தோட்டக் கல்லறைக்குத்தான் ஓட்டு போடுவேன். அதுதான் உண்மையான இடம்னு சொல்லல, அந்தக் குகை கிறிஸ்துவுக்குப் பல நூறு வருஷம் முன்னாடி வெட்டுனதுன்னுதான் ஆய்வாளர்கள் சொல்றாங்க, 1883ல பிரிட்டிஷ் ஜெனரல் கார்டன் வந்து பாத்துட்டு இதுதான்னு சொன்னதுலதான் பேரே பிரபலமாச்சு. ஆனா மரநிழல் இருக்கு, பெஞ்சு இருக்கு, ரெண்டு மணி நேரம் கண்ண மூடி உக்காந்தாலும் யாரும் எழுப்ப மாட்டாங்க, டிக்கெட்டும் கிடையாது. நம்ம மாதிரி கீர்த்தனை பாடி வளந்தவங்களுக்கு மனசு சட்டுனு ஒட்டும். தொறந்திருக்கற நேரம் மட்டும் பாத்துட்டுப் போங்க.

மண்வெட்டி:
மனசு சட்டுனு ஒட்டணும்னு என்ன கட்டாயம் பிரதர்? ஆறு சபைக்காரங்க ஒரே கூரைக்குக் கீழ, ஏணிய நகத்தக்கூட ஒருத்தர ஒருத்தர் கேக்கணும்ங்கற நிலமைலயும் தினமும் ஆராதனைய விடாம நடத்துறாங்க, அந்தச் சத்தத்துக்கு நடுவுல ஜெபிக்கறதும் ஜெபம்தான். அமைதிதான் வேணும்னா கல்லறைக்கு நேர் பின்னாடி சிரியன் சிற்றாலயம் இருக்கு, சுவரெல்லாம் கருகிப்போய், பாக்கவே பாவமா இருக்கும், அதனாலயே கூட்டம் கம்மி. அதுக்குள்ள ஒரு சின்ன வாசல்ல குனிஞ்சு போனா பாறைல குடைஞ்ச யூதக் கல்லறைங்க அப்படியே இருக்கும், முதல் நூற்றாண்டுல எப்படி அடக்கம் பண்ணாங்கன்னு கண்ணால பாக்கலாம். மொபைல் டார்ச் வேணும். அத பாத்துட்டு யோவான் 20 வாசிச்சா, சீஷன் ஏன் குனிஞ்சு பாத்தான்னு தனியா விளக்கம் தேவப்படாது.

படிக்கவந்தவன்:
ரொம்ப நன்றி அண்ணா. அப்ப விடியக்காலைல கல்லறை ஆலயம்னு முடிவு பண்ணிட்டேன். சாயங்காலம், இயேசு கைதாகறதுக்கு முன்னாடி ஜெபிச்ச கெத்செமனே தோட்டத்தையும் சேத்துக்கலாமா?

மெழுகுவர்த்தி:
சேத்துக்கலாம், ஆனா வேற எதையும் சேக்காதீங்க, இல்லன்னா மறுபடியும் நோட்ஸ் எடுக்கற நாளாப் போயிடும். அங்க இருக்கற ஆலயம் 1924ல முடிச்சது, ஜன்னல்லாம் ஊதா நிறம், உள்ள பகல்லயே அந்தி மாதிரி இருக்கும், பீடத்துக்கு முன்னாடி வெறும் பாறை. மூடற நேரத்துக்கு முன்னாடியே போய்ச் சேந்துடுங்க. தோள், முட்டி மூடற மாதிரி டிரெஸ் போடுங்க, பழைய நகரத்துக் கல்லு தேஞ்சு வழுக்கும், நல்ல கிரிப் இருக்கற ஷூவா போட்டுட்டுப் போங்க.