லத்தீன் சரளம், தமிழுக்கு எழுத்துக் கூட்டல்: உங்கள் வீட்டிலும் நடந்ததா?

தண்டையார்பேட்டை அம்மா:

கிளாசிக்கல் முறை, அதில் முதலில் மனப்பாடம், பிறகு தர்க்கம், கடைசியில் பேச்சும் எழுத்தும் என்று மூன்று படியாகப் போகும் ட்ரிவியம், இதையெல்லாம் முதலிலிருந்து விளக்கப் போவதில்லை, வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கும் நம் குழுவில் எல்லாருக்கும் தெரியும். ஒரே சபையைச் சேர்ந்த நாலு குடும்பம், கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் பிள்ளைகளுக்கு நாங்களே சொல்லிக்கொடுக்கிறோம். என் பையனுக்கு ஒன்பது வயது, இது மூன்றாவது வருடம். வாய்ப்பாடு, வசனம், சரித்திரம், லத்தீன் எல்லாமே பாட்டாகத்தான்.

போன மாதம் ஒரு ராத்திரி. மாமனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயரானவர். சாப்பிட உட்காரும்போது, "இன்னாடா படிச்ச இன்னிக்கி?" என்றார். இவன் எழுந்து நின்று, "மென்ஸா, மென்ஸா, மென்ஸாம், மென்ஸே, மென்ஸே, மென்ஸா" என்று ஒரே மூச்சில் ஒப்பித்தான்.

"அப்டின்னா?"

"மேசை, தாத்தா."

"ஒரு மேசைக்கு இத்தினி பேரா?"

எல்லாரும் சிரித்தோம், அவரும்தான். அப்புறம் எழுந்து போய்த் தன்னுடைய பைபிளை எடுத்து வந்து 23ஆம் சங்கீதத்தைத் திறந்து, "இத்தப் படி" என்றார். அது இவனுக்கு ஆங்கிலத்தில் தலைகீழ்ப் பாடம். தமிழில், முதல் வசனத்திலேயே, "தா... ழ்... ச்... சி..." விரல் அந்த 'ழ்' மேலேயே நின்றுவிட்டது. என்னை நிமிர்ந்து பார்க்கிறான். மாமனார் கண்ணாடியைக் கழற்றி, பனியன் நுனியில் ரொம்ப நேரம் துடைத்தார். "சோத்தப் போடும்மா" என்றார். திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

ராயபுரம் அப்பா:

எங்கள் வீட்டில் தமிழ் நன்றாக வரும், வாய்தான் பிரச்சினை. மகளுக்கு 13, லாஜிக் பருவம், அதாவது எதையும் வாதாடிப் பார்க்கும் இரண்டாவது படி. காசிமேட்டில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம், எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்த ஒரு அண்ணன் எழுந்து, உபவாசம் இருந்தேன், மறுநாளே போன் வந்தது, அதனால்தான் வேலை கிடைத்தது என்று சாட்சி சொன்னார். என் மகள் கையைத் தூக்கி, "அண்ணா, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு நடந்தா முதல்லது காரணம்னு ஆயிடாது, அதுக்கு லத்தீன்ல பேரே இருக்கு" என்று ஆரம்பித்து, 'போஸ்ட் ஹாக் எர்கோ ப்ராப்டர் ஹாக்' என்று முழுசாகச் சொல்லி முடித்தாள். அவர் கையில் டீ கிளாஸ் பாதியில் நின்றது. தர்க்கத்தில் அவள் சொன்னது சரி, மார்க் போட்டால் பத்துக்குப் பத்து. அந்த முகத்தை நினைத்தால் இன்னும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அந்தப் புத்தகத்தை வாங்கிக்கொடுத்ததும் நானேதான்.

வியாசர்பாடி டீச்சர்:

முதலில் எழுதிய அம்மாவுக்கு. கோபித்துக்கொள்ளாதீர்கள், 'எல்லாமே பாட்டாகத்தான்' என்பதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். இப்படி வீட்டில் படித்த ஒரு பையனை எட்டாம் வகுப்பில் எங்கள் பள்ளியில் சேர்த்தார்கள். கெட்டிக்காரன், கேட்ட கேள்விக்கு எதிர்க்கேள்வி போடுவான். முதல் தேர்வில் ஒரே கேள்விக்கு மூன்று பக்கம் எழுதியிருந்தான், மற்றதெல்லாம் காலி. பேப்பரை வாங்கும்போது "மிஸ், நான் இன்னும் முன்னுரையே முடிக்கலை" என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள், அவர்களுக்கு மாடியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் ஏது?

பீடச் சிறுவன்:

டீச்சர் சொல்வது தேர்வு பற்றி, அந்த அம்மா கேட்டது வேறு. மனப்பாடத்தை இளக்காரமாகப் பேசாதீர்கள். 1947ல் ஆக்ஸ்போர்டில் டோரதி சேயர்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் பேசிய உரையிலிருந்துதான் இந்தக் காலத்துக் கிளாசிக்கல் பள்ளிகள் கிளம்பின, அதில் முதல் பருவத்துக்கு அவர் வைத்த பெயரே கிளிப் பருவம். சின்ன வயதில் ஒப்பிக்கப் பிடிக்கும், அப்போது நிரப்பு. பிறகு வாதாடப் பிடிக்கும், அப்போது தர்க்கம் கொடு. அப்புறம்தான் பேச்சும் எழுத்தும். நம் திண்ணைப் பள்ளியில் ஆத்திசூடியும் எண்சுவடியும் வாயில் ஏற்றிவிட்டுத்தானே பொருள் சொன்னார்கள்? இங்கே எழும்பூர் அனாதைப் பிள்ளைகள் விடுதியில் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், பிள்ளைகளை மணலில் எழுதவைத்து, பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை நடத்திப் பார்த்து, 1797ல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்தில் அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். நம் தெருவில் இருந்ததை இப்போது கூரியரில் வரவழைக்கிறோம்.

ஆகவே அம்மா, லத்தீனை நிறுத்தாதீர்கள். தமிழைப் பக்கத்தில் வையுங்கள். காலையில் இருபது நிமிடம், வாய்விட்டு, ஒரு சங்கீதம், ஒரு செய்தித்தாள் பத்தி. மாமனார் கேட்க வேண்டும், நீங்கள் அல்ல. எழுத்துக்கு மணல் தட்டு வையுங்கள். வேற்றுமை உருபைத் தமிழில் முதலில் காட்டுங்கள், மேசை, மேசையை, மேசையால், மேசைக்கு. மாமனார் கேட்டாரே 'இத்தினி பேரா' என்று, அதற்குப் பதில் அதில் இருக்கிறது, பையன் லத்தீனில் ஒப்பித்ததும் இதே வேற்றுமைகள்தான். வீரமாமுனிவர் தமிழ் இலக்கணத்தை லத்தீனில் எழுதியவர், இரண்டும் ஒன்றையொன்று தின்னாது. பத்தாவதுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வாரியம் (NIOS) இருக்கிறது, பள்ளிக்குப் போகாதவர்களும் 14 வயது முடிந்தால் எழுதலாம், இப்போதே தமிழைப் பாடமாக எடுப்பது என்று முடிவு செய்துவிடுங்கள். ராத்திரியில் மொபைல் கொடுக்காதீர்கள். முருங்கைக்கீரை கொடுங்கள்.

என் கதை சின்னது. 1964 வாக்கில் ராயபுரத்தில் பூசைக்கு உதவும் பையன். சாமியார் 'தோமினுஸ் வோபிஸ்கும்' என்றதும் 'எத் கும் ஸ்பிரித்து துவோ' என்று கத்துவோம், அர்த்தம் தெரியாது. அப்புறம் உலகத்து ஆயர்களெல்லாம் ரோமில் கூடிய வத்திக்கான் சங்கம் முடிந்து பூசை தமிழுக்கு வந்தது. அந்தப் பதிலையே 'உம்மோடும் இருப்பாராக' என்று எல்லாரும் தமிழில் சொன்ன அன்றைக்குப் பக்கத்தில் நின்ற என் அம்மா, 'இதையாடா இத்தனை நாளா கத்தினே?' என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

இன்னொன்று. எங்கள் கத்தோலிக்கப் பொது மொழிபெயர்ப்பில், உங்கள் பையன் திணறிய அந்த 23ஆம் சங்கீத வசனம் 'எனக்கேதும் குறையில்லை' என்றுதான் இருக்கும், 'ழ்' தொல்லை கிடையாது. பழைய லத்தீன் பைபிளில் அந்தச் சங்கீதத்துக்கு எண் 22.

தண்டையார்பேட்டை அம்மா:

ஐயா, டைம்டேபிள் கேட்கவில்லை, ஆனாலும் நன்றி. கீரைக்கும். டீச்சர், நீங்கள் சொன்னது உறைத்தது, பையனுக்குக் கடிகாரம் வைத்து எழுதிப் பழக்கமே இல்லை.

இருபது நிமிடம் ஐந்து நாளாக நடக்கிறது. நேற்று 'தாழ்ச்சி'யைத் தாண்டிவிட்டான். தாண்டியதும், "தாழ்ச்சின்னா குறைவுதானே தாத்தா, அப்ப குறைவுன்னே எழுதியிருக்கலாமே?" என்றான். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் லத்தீனில் எண் 22 என்பதைச் சொல்லித் தொலைத்தேன். "அப்ப உங்க பைபிள்ல நம்பர் தப்பு தாத்தா."

மாமனார் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு டீ குடிக்கக் கடைக்குப் போய்விட்டார். வீட்டில் அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது.