பீட்டில் 1600: ஹெட் ஸ்டட் மரையோடு கழன்று வந்துவிட்டது, 10 மி.மீ. போடுவதா, 8 மி.மீ. போடுவதா?

கேள்வி:
ஃபோக்ஸ்வேகன் பீட்டில், 1600 எஞ்சின், மெக்னீசியம் கேஸ் (எஞ்சினின் அடிக்கூடு), தொழிற்சாலையில் போட்ட 10 மி.மீ. ஸ்டட் (ஹெட்டைக் கேஸோடு பிடிக்கும், இரு முனையும் மரையுள்ள கம்பி). ஹெட்டை இறக்கியபோது 3வது சிலிண்டரின் மேல் ஸ்டட் ஒன்று கையாலேயே கழன்று வந்தது. அதன் மரைக்குள் கேஸின் மரை கம்பிச்சுருள் மாதிரி சுற்றிக்கொண்டு இருக்கிறது. மற்ற 15 ஸ்டட்டும் கெட்டியாகத்தான் இருக்கின்றன. இந்த ஒன்றுக்கு மட்டும் இன்சர்ட் (கெட்ட மரைக்குப் பதிலாகத் துளையில் இறக்கும் மரைக்குழல்) போட்டால் போதுமா? இன்னும் பலமான ஸ்டட்டாக வாங்கி நன்றாக முறுக்கிவிட்டால் மறுபடி வராமல் இருக்குமா?

பதில் 1:
ஒன்றுக்கு மட்டும் வேண்டாம், 16க்கும் இன்சர்ட் போடுங்கள். எல்லா மரையும் ஒரே வயது, ஒரே சூடு பட்டவை. எஞ்சினைப் பிரித்திருக்கும் இப்போது செய்தால்தான் வேலை சுலபம்.

பலமான ஸ்டட் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். இங்கே தோற்றது ஸ்டட் இல்லை, கேஸின் மரை. எஞ்சின் ஓடும்போது சிலிண்டரும் ஹெட்டும் நன்றாகச் சூடேறி நீள்கின்றன. ஸ்டட்டோ குளிர்காற்று போகும் பாதையிலேயே நிற்கிறது, அதனால் அந்த அளவுக்கு நீள்வதில்லை. ஒவ்வொரு முறை சூடேறும்போதும் அந்த வித்தியாசம் ஸ்டட்டை இழுக்கிறது, ஸ்டட் கேஸின் மரையை இழுக்கிறது. தண்டு தடிமனாக இருந்தால் நீண்டு கொடுக்காது, மொத்த இழுப்பும் மரைக்கே போகும்.

ஃபோக்ஸ்வேகன் 1970களில் 8 மி.மீ.க்கு மாறியதற்குக் காரணம் இதுதான். 8 மி.மீ. தண்டின் குறுக்குப் பரப்பு 10 மி.மீ. தண்டில் 64 சதவீதம்தான். அதே நீட்சிக்கு அதே விகிதத்தில் குறைவாகத்தான் இழுக்கும். பிடிப்பும் குறைவதில்லை: நட்டின் முறுக்கை 10 மி.மீ.க்கு 32 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ.க்கு 25 நியூட்டன் மீட்டர் வைத்தால் இரண்டிலும் ஒரு ஸ்டட்டுக்குச் சுமார் 16 கிலோ நியூட்டன் வருகிறது. பலர் 8 மி.மீ. போட்டுவிட்டுப் பழைய 32ஐயே வைக்கிறார்கள். பிடிப்பு 20 கிலோ நியூட்டனுக்கு ஏறிவிடும், மாற்றியதன் பலன் அங்கேயே போய்விட்டது.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் 10 மி.மீ. துளையுள்ள அதே ஹெட்டையே மறுபடி போடுவதாக இருந்தால் ஒன்று கவனிக்க வேண்டும். 8 மி.மீ. ஸ்டட் அந்தத் துளையில் நடுவில் நிற்காது, படி வைத்த வாஷரோ புஷ்ஷோ தேவைப்படும். ஸ்டாண்டர்ட் எஞ்சின் என்றால் உள்மரை 10 மி.மீ. உள்ள இரும்பு இன்சர்ட், பழைய அளவு ஸ்டட், 32 நியூட்டன் மீட்டர் என்று போவதிலும் தவறில்லை. இன்சர்ட்டின் வெளிமரை பெரியது, மெக்னீசியத்தில் கூடுதல் பரப்பைப் பிடித்துக்கொள்ளும்.

பழைய ஸ்டட்டைக் கழற்ற இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கி, உள் நட்டில் ஸ்பேனர் போடுங்கள். அசையாவிட்டால் ஹீட் கன்னால் கேஸைச் சூடாக்குங்கள். எரிவாயு டார்ச் பக்கமே போகாதீர்கள். மெக்னீசியத் துகள் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது, தீ இன்னும் மூர்க்கமாகும். காய்ந்த மணலைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ட்ரில் செய்த துகளை அவ்வப்போது கூட்டி வெளியே கொண்டுபோய்விடுங்கள்.

துளை போடுவதற்கு முன் ஒவ்வொரு ஸ்டட் துளையின் மேலும் இரும்பு ஸ்கேலைக் குறுக்காக வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். மரை இழுபட்ட இடத்தில் துளையைச் சுற்றி மெல்லிய மேடு எழும்பியிருக்கும், விரல் நகத்தில் தட்டும். அதைச் சமப்படுத்தாமல் விட்டால் சிலிண்டர் சாய்ந்து உட்காரும், ஹெட் எவ்வளவு இறுக்கினாலும் கசியும்.

கை ட்ரில் வேண்டவே வேண்டாம். ட்ரில் பிரஸ்ஸோ மில்லிங் மெஷினோதான், கேஸைச் சிலிண்டர் முகத்துக்கு மட்டமாகக் கட்டி. துளை ஒரு டிகிரி சாய்ந்தாலே ஸ்டட்டின் மறுமுனை பல மில்லிமீட்டர் தள்ளிப் போய்விடும், ஹெட் இறங்காது. இன்சர்ட்டின் வாய் கேஸ் மட்டத்துக்குச் சற்றுக் கீழேயே இருக்க வேண்டும். வெளிமரையை எண்ணெய் இல்லாமல் துடைத்து, கெட்டியான லாக்டைட் (மரையைப் பிடித்துவைக்கும் பசை) தடவி இறக்கி, இரவு முழுக்க விடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஹெட்டை மாற்றவில்லை, அதனால் 10 மி.மீ. இன்சர்ட்டே போடுகிறேன். ஸ்டட்டை அடிவரை இறுக்கிவிட வேண்டுமா?

பதில் 3:
வேண்டாம். அடியில் முட்டவைத்து இறுக்கினால் மரை அங்கேயே சுமையை வாங்கிவிடும். கையால் போகும்வரை சுற்றி, பழைய ஸ்டட் எவ்வளவு நீட்டிக்கொண்டிருந்ததோ அந்த உயரத்துக்கு வையுங்கள். அதற்காகவே கழற்றுவதற்கு முன் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். எல்லாம் ஒரே நீளம் இல்லை, அட்டையில் வரிசையாகக் குத்தி வைத்தால் குழப்பம் வராது. துளை கேஸின் உட்புறத்துக்குத் திறந்திருந்தால் அந்த மரையில் சீலன்ட் தடவுங்கள், இல்லையென்றால் எண்ணெய் மரை வழியே ஏறி வரும்.

ஹெட் வைக்கும் முன் சிலிண்டருக்குக் கீழே வரும் காற்றுத் தகடுகளைப் போட்டுவிடுங்கள். நட் மரையிலும் வாஷர் முகத்திலும் துளி எண்ணெய். குழிந்த பழைய வாஷர் வேண்டாம், அது முறுக்கைப் பொய்யாகக் காட்டும். எல்லா நட்டையும் முதலில் 10 நியூட்டன் மீட்டருக்குக் கொண்டுவந்து, பிறகு நடு நான்கைக் குறுக்காக, அடுத்து ஓரத்து நான்கு என்று 32க்குப் போங்கள். டார்க் ரென்ச் (முறுக்கை அளந்து காட்டும் ஸ்பேனர்) சுற்றிக்கொண்டே போய் எண் ஏறாவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், மரை வந்துகொண்டிருக்கிறது.

ஓட்டிய பிறகு எஞ்சின் குளிர்ந்ததும் வால்வு கேப் (வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் இடையே உள்ள இடைவெளி) 0.15 மி.மீ. வைத்துச் சரிபாருங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் கேப் திரும்பத் திரும்பக் கூடிக்கொண்டே வந்தால் ஹெட் கேஸை விட்டு விலகுகிறது. ராக்கரைக் குறை சொல்லாமல் அந்தப் பக்க ஸ்டட்டை முதலில் பாருங்கள்.