எண்பது நிமிஷம் பார்த்தவனுக்குத்தான் அந்தக் கோல்

இந்தக் காலத்துப் பிள்ளைகளோடு உதைபந்தாட்டம் பேசிய அனுபவம் இருந்தால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அது நிறையவே இருக்கிறது. மலையகத்தில் டிக்கோயா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தூள் செய்கிற ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். பின்னேரத்தில் கிரவுண்டுக்குப் போவேன், இரவில் டீவியில் மெட்ச் பார்ப்பேன், பிள்ளைகள் கிடைத்தால் பேசிக்கொண்டிருப்பேன்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். ஓ.எல். பரீட்சை எழுதுகிற வயசில் ஒரு பையன் பக்கத்தில் உட்கார்ந்து போனில் மரடோனாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பிறப்பதற்கு எத்தனையோ வருஷத்துக்கு முந்திய ஆட்டம். எனக்கு அவ்வளவு சந்தோஷம். எட்டிப் பார்த்தேன். 1990 உலகக் கிண்ணத்தில் பிரேசிலுக்கு எதிரான அந்த ஓட்டம். நடு மைதானத்தில் பந்தை எடுத்து, பிரேசில்காரர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே போய், விழப்போகிற நேரத்தில் வலது காலால் தள்ளிவிடுவார். அவருடைய டீம் ஆள் கனீஜியா அதை வாங்கி, கோல் கீப்பரைச் சுற்றிக்கொண்டு போய் அடிப்பார்.

"தம்பி, இது எத்தனையாவது நிமிஷம் தெரியுமா?"

"தெரியலையே தாத்தா. ஆனா பாஸ் செம."

சொல்லி முடிப்பதற்குள் விரல் அதை மேலே தள்ளிவிட்டது. அடுத்ததில் யாரோ கொத்து ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்லதைத்தான் பார்த்தான். ஆனால் அவன் பார்த்தது அந்தக் கோல் இல்லை என்று அன்றைக்கு முழுக்க மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

அது 1990 ஜூன் 24, ஞாயிற்றுக்கிழமை. இத்தாலியில் டூரின் நகரத்தில் பின்னேரம் ஐந்து மணி மெட்ச், நமக்கு இரவு எட்டரை. ஜூன் மாசத்தில் டிக்கோயாவில் மழை எப்படி அடிக்கும் என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாங்கள் இருந்த வரிசை வீடுகளுக்கு, எங்கள் லயத்துக்கு, அப்போது கரண்ட் வரவில்லை. லொறி டிரைவர் அண்ணன் பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்து தருவார். அதில்தான் கறுப்பு வெள்ளை டீவி ஓடும். காம்பரா என்கிற அந்த ஒற்றை அறைக்குள் நெருக்கி உட்கார முடிந்தவர்கள் உள்ளே, மற்றவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளித் திண்ணையில், இஸ்தோப்பில். பேட்டரி இறங்க இறங்கப் படம் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும்.

அன்றைக்கு ஆட்டம் முழுக்க பிரேசிலின் கையில்தான். மூன்று தடவை பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. மரடோனாவுக்குக் கணுக்கால் வீங்கிப்போய், ஓட முடியாமல் நின்றார். எதிர்ப்பக்கம் நின்ற கரேகாவும் அலெமாவும் நாப்போலி கிளப்பில் அவரோடு சேர்ந்து விளையாடுகிறவர்கள். அந்த ஏப்ரலில்தான் மூன்று பேருமாக இத்தாலி சம்பியன் பட்டம் எடுத்திருந்தார்கள். எங்கள் காம்பராவில் பிரேசில் ஆட்கள்தான் கூட. ஆர்ஜென்டினா பக்கம் இருந்த எங்களைப் போட்டு வாட்டி எடுத்தார்கள். எங்கள் ஆட்களில் ஒருவர் பொறுக்க முடியாமல் பாதியில் எழுந்து மழைக்குள் போய்விட்டார். எண்பது நிமிஷம் இப்படி. அதற்குப் பிறகுதான், அதுவரை நடக்கவே கஷ்டப்பட்ட மனுஷன் பந்தோடு ஓடத் தொடங்கினார். கோல் விழுந்ததும் இஸ்தோப்பில் நின்றவர்கள் போட்ட சத்தத்துக்கு மேல் லயத்தில் பிள்ளைகள் எழுந்து அழுதன.

அந்தப் பாஸின் அருமை அதற்கு முந்திய எண்பது நிமிஷத்தில் இருக்கிறது. அதை வெட்டிப் போட்டுவிட்டுப் பாஸை மட்டும் கையில் கொடுத்தால் பிள்ளைக்கு என்ன விளங்கும்?

பழசெல்லாம் தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த 1990 உலகக் கிண்ணத்தில் ஒரு மெட்சுக்குச் சராசரி 2.21 கோல்தான், இதுவரை நடந்ததிலேயே குறைவு. முன்னணியில் இருக்கும் டீம் பந்தைப் பின்னுக்கு அடித்து அடித்துக் கீப்பர் கையில் கொடுத்து நேரத்தைக் கடத்தும். அது சகிக்க முடியாமல்தான் 1992 இல் சட்டத்தையே மாற்றினார்கள், தன் ஆள் வேண்டுமென்றே காலால் திருப்பிக் கொடுக்கும் பந்தைக் கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்று. இன்றைக்கு ஆட்டம் வேகம், தரை நன்றாக இருக்கிறது, காலை உடைக்கிற மாதிரி அடிக்கிறவனுக்குச் சிவப்பு அட்டை விழுகிறது. வீடியோவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வி.ஏ.ஆர். வந்ததும் எனக்குச் சம்மதம்தான். கோல் என்று எழுந்து கத்திவிட்டு, கோடு போட்டுப் பார்க்கும் வரை நிற்க வேண்டியிருப்பது மட்டும் பிடிக்கவில்லை. ஆட்டம் கெட்டுப்போகவில்லை, பார்க்கிற பழக்கம்தான் கெட்டுவிட்டது.

2022 இறுதி ஆட்டத்தை வீட்டில் பேரப்பிள்ளைகளோடும் அவர்களுடைய கூட்டாளிகளோடும் பார்த்தேன். டிசம்பர் 18, இங்கே இரவு எட்டரைக்குத் தொடங்கியது. மெஸ்ஸி பெனால்டியில் ஒன்று, டி மரியா ஒன்று, 2–0. பையன்கள் அத்தோடு போனை எடுத்துவிட்டார்கள். ஸ்டேட்டஸ் போடுவதும், பிரான்ஸ் ஆட்களுக்கு மெசேஜ் அடிப்பதும், பட்டாசைத் தேடி வெளியே போவதுமாக இருந்தார்கள். 64 ஆவது நிமிஷத்தில் டி மரியாவை வெளியே எடுத்ததை அவர்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. அதுவரை இடது பக்கத்தில் பிரான்ஸை ஆட்டிப்படைத்தவர் அவர். எழுபது நிமிஷம் வரை ஒழுங்காக ஒரு ஷொட் அடிக்காத பிரான்ஸ், அந்தப் பக்கம் சுமை இறங்கியதும் மூச்சுவிடத் தொடங்கியது. "இன்னும் முடியலப்பா, உட்காருங்க" என்று சொன்னேன். 80, 81 என்று எம்பாப்பே இரண்டு அடித்ததும் ஓடி வந்து "என்ன நடந்துச்சு, என்ன நடந்துச்சு" என்று கேட்கிறார்கள். 3–3 ஆகி, பெனால்டியில் 4–2 என்று ஆர்ஜென்டினா கிண்ணத்தை எடுத்தது. எல்லோரும் குதித்தோம். ஆனால் அந்த ஆட்டம் ஏன் திரும்பியது என்று அந்தப் பிள்ளைகளுக்கு அன்றைக்குத் தெரியாது.

இதெல்லாம் எங்கே வந்து நிற்கிறது என்றால், எங்கள் கிரவுண்டில் நிற்கிறது. தோட்டத்து டீமுக்கு ஆள் எடுக்கும்போது எல்லோருக்கும் முன்னுக்கு, ஓரத்தில் விளையாட வேண்டும். பின்னுக்கு நிற்க ஆள் இல்லை. நல்ல உயரமும் நிதானமும் உள்ள ஒரு பையனை இடது பக்கம் பேக், அதாவது பின்னுக்கு நின்று தடுக்கிற ஆளாக, விளையாடச் சொன்னதற்கு மறுநாளிலிருந்து பிரக்டிசுக்கே வரவில்லை. வழியில் கண்டு பேசினேன். பாவ்லோ மல்டினி என்று ஒருவர், 1985 இலிருந்து 2009 வரைக்கும் ஏ.சி. மிலான் என்ற ஒரே கிளப்புக்கு ஆடினார், இடது பேக்காகவே உலகம் கொண்டாடிய ஆள், பார் என்றேன். போனில் தேடிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இவர் ஒண்ணுமே செய்யலையே" என்றான்.

அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. எதிராளி பாஸ் கொடுக்க நினைத்த இடத்தில் முன்கூட்டியே போய் நின்றுவிட்டால் அந்தப் பாஸ் வராது. வராத பாஸை யார் வெட்டி எடுத்துப் போடுவது? தொண்ணூறு நிமிஷம் உட்கார்ந்து பார்ப்பவனுக்கு மட்டும்தான் அந்த ஆள் கண்ணில் படுவான்.

நாங்கள் விளையாடியது தோல் பந்து. மழையில் தண்ணீரைக் குடித்துக் கல்லாகிவிடும், தலையில் வாங்கினால் கண் இருட்டும். இரவு ஷிப்டுக்குப் போகிறவர் அதை ஸ்டோருக்குக் கொண்டுபோய், தூள் காயவைக்கும் அடுப்புப் பக்கம் சூடு பட வைப்பார். ரொம்பக் கிட்ட வைத்தால் தையல் விட்டுவிடும், தள்ளி வைத்தால் காயாது. அந்த ஒரு பந்தை நம்பித் தோட்டத்தின் மூன்று டிவிசன் இருந்தது. பின்னுக்கு நிற்க அன்றைக்கு யாரும் கோபித்துக்கொண்டு போனதில்லை, பந்து வந்தால் போதும் என்று நின்றோம்.

பொகவந்தலாவை பஸ்ஸில் கண்ட இன்னொரு விஷயமும் மனசில் கிடக்கிறது. இரண்டு இளந்தாரிகள் இங்கிலாந்து மெட்ச் ஒன்றைப் பற்றி மும்முரமாகப் பேசினார்கள். ஆசையோடு காது கொடுத்தேன். அடுத்த கோர்னர் யாருக்கு, எத்தனை மஞ்சள் அட்டை விழும், அதற்கு எவ்வளவு கட்டலாம் என்றுதான் பேச்சு. எந்த டீம் வெல்ல வேண்டும் என்று இரண்டு பேருக்குமே ஆசை இல்லை. சட்டையின் முன்பக்கத்தில் சூதாட்டக் கம்பனிப் பெயர் போடுவதை 2025–26 பருவத்தோடு விடுவதாக பிரீமியர் லீக் கிளப்புகள் 2023 இல் ஒத்துக்கொண்டன. சட்டைக் கையில் போடலாமாம். அது போதாது. நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆவதற்கே 2021 வரை காத்துக்கிடந்த சனம் நாங்கள். அந்தக் காசு போன் வழியாக இப்படிப் போவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியாது. வீட்டில் பிள்ளை இருப்பவர்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.

*

தலவாக்கலையிலிருந்து ஒரு ஆசிரியை:

ஐயா, இடது பேக் கதையைப் படித்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் பாடசாலைப் பெண்பிள்ளைகளின் டீமுக்கு நான் பொறுப்பு. 2023 பெண்கள் உலகக் கிண்ண இறுதி ஆட்டம் ஆகஸ்ட் 20, ஞாயிற்றுக்கிழமை. சிட்னியில் நடந்ததால் நமக்குப் பகல் மூன்றரை மணி. இரவு மெட்சுக்குப் பெண்பிள்ளைகளை வெளியே விடமாட்டார்கள், அதனால் அது எங்களுக்கு வராது வந்த வாய்ப்பு. எல்லோரையும் வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டேன். அம்மாமார் இரண்டு மூன்று பேரும் கூட வந்தார்கள், கொழுந்து எடுத்த கையோடு சனி முழுக்க அலுத்தவர்கள்.

என் டீமில் இடது பேக் விளையாடும் பிள்ளைக்கு எப்போதும் மனக்குறை, "டீச்சர், என் பேரை யாருமே கத்திக் கூப்பிட மாட்டாங்க" என்பாள். ஸ்பெயினுக்கும் இங்கிலாந்துக்கும் மெட்ச். 29 ஆவது நிமிஷத்தில் ஓல்கா கார்மோனா ஓடி வந்து கோல் அடித்தார். அவர் எந்த இடம் என்று கேட்டாள். இடது பேக் என்றேன். அதற்குப் பிறகு அவள் பந்தைப் பார்க்கவே இல்லை, கார்மோனா எங்கே நிற்கிறார் என்பதையே பார்த்தாள். எழுபதாவது நிமிஷத்தில் இங்கிலாந்துக் கீப்பர் மேரி ஏர்ப்ஸ் பெனால்டியைப் பிடித்தபோது எங்கள் கீப்பர் பிள்ளை எழுந்து நின்றுவிட்டாள், முடியும் வரை உட்காரவில்லை. 1–0 தான். கோல் மழை ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு பிள்ளை கூடப் போனைத் தொடவில்லை, இத்தனைக்கும் என் போனைக் கொடுத்துத்தான் வைத்திருந்தேன்.

*

கொழும்பிலிருந்து ஒரு தம்பி:

தாத்தா, எனக்கும் பொகவந்தலாவைதான். இப்போது புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறேன். நீங்கள் சொல்வது எனக்கு விளங்குகிறது. ஆனால் சம்பியன்ஸ் லீக் மெட்ச் பெரும்பாலும் நம் நேரத்துக்கு இரவு பன்னிரண்டரை, ஒன்றரைக்குத்தான் தொடங்கும். காலையில் கடை திறக்க வேண்டும். ஒரு அறையில் நாங்கள் நிறையப் பேர், லைட் போட்டால் மற்றவன் தூங்க முடியாது. டேட்டா கார்ட் போட்டு முழு மெட்ச் பார்த்தால் மாசக் கடைசியில் வீட்டுக்குப் பேச முடியாது. எனக்குக் கிடைப்பது அந்த அரை நிமிஷத் துண்டுதான். அதையும் பார்க்காவிட்டால் பந்தே என் வாழ்க்கையில் இல்லாமல் போய்விடும். அதை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

*

தம்பிக்கு டிக்கோயா தாத்தாவின் பதில்:

உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, தம்பி. ஒரு விஷயம் சொல்கிறேன். சனிக்கிழமை பகல் மூன்று மணி மெட்சை இங்கிலாந்தில் டீவியில் நேரடியாகக் காட்ட மாட்டார்கள். சின்னச் சின்ன ஊர் டீம்களின் மைதானத்துக்கு ஆள் வராமல் போய்விடக் கூடாது என்று 1960 களிலிருந்து வைத்திருக்கும் கட்டுப்பாடு அது. இங்கே நமக்கு அதே மெட்ச் இரவு ஏழரை, எட்டரைக்கு வந்துவிடும். கடை மூடி நீ வரும்போது பின்பாதியாவது இருக்கும். துண்டு துண்டாக ஏழு மெட்ச் பார்ப்பதை விட்டு ஒரே மெட்சின் பின்பாதியை முழுசாகப் பார். முடிந்தால் ஒரே டீமை வருஷம் முழுக்கப் பார், பெயர் இல்லாத ஆட்களெல்லாம் உனக்குத் தெரிந்தவர்களாகிவிடுவார்கள்.

பொங்கலுக்கு லீவு தருவார்கள்தானே? எங்கள் கிரவுண்டில் அந்தக் கிழமை டோர்னமென்ட் இருக்கிறது. காலையிலேயே வந்துவிடு. சப்பாத்து இருந்தால் எடுத்துக்கொண்டு வா, இடது பக்கத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.